வெள்ளைத் துணிக்குள் ஒரு முஷ்டி

கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டபோதே அருணகிரிக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு இறுக்க வேண்டியதில்லை. சொல்லலாம். சொன்னால் சௌந்தர் தளர்த்திவிடுவான், கூடவே "என்ன சார், இன்னைக்கு மூடு சரியில்லையா" என்பான், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலில் ஒரு முள் இருக்கும், பிறகு அந்த முள் தேவைதானா என்று மதியச் சாப்பாடு வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். துணியை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் தலை மட்டும் தெரிந்தது. துணிக்கு மேல் ஒரு தலை, யாரோ வெட்டிக் கொண்டுவந்து வைத்த மாதிரி. பக்கத்து நாற்காலி காலி. அதன் கைப்பிடியில் ரெக்ஸின் கிழிந்து மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவான் என்று அவருக்குத் தெரியும், சௌந்தருக்கும் தெரியும். அதனால்தான் சௌந்தர் கடைக்குள் நுழைந்தவரைப் பார்த்து ஒரு கணம் சீப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். சனிக்கிழமை சாயங்காலம் அருணகிரிக்கு, ஞாயிறு காலை தண்டபாணிக்கு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல. இருபது வருடத்துக்கு மேலாக ஒரே ஊரில் இரண்டு பேர் பேசாமல் வாழ்ந்தால் ஊர் தானாகவே இரண்டாகப் பிரிந்துகொள்ளும். மளிகைக் கடை, டீக்கடை, கோயிலில் நிற்கும் வரிசை, முடிவெட்டும் கிழமை, எல்லாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கோட்டைத் தாண்டி வந்திருக்கிறார். வரவைத்துவிட்டாள். காலையில் மனைவி செண்பகம் காபி டம்ளரை மேஜையில் வைத்தபோது கொஞ்சம் சிந்தியது, அவள் துடைக்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவள் துடைக்காமல் விட்ட முதல் காபி அது. "வியாழக்கிழமை கல்யாணம். எந்தம்பி தண்டபாணி வந்து பட்டம் கட்டணும். நான் போயிக் கூப்பிட்டாச்சு, அபிராமியும் போயிக் கூப்பிட்டாச்சு. மச்சான் வாயால ஒரு வார்த்தை வரட்டுங்குறான். இன்னைக்குப் பேசிட்டு வாங்க. இல்லேன்னா நானும் அன்னைக்கு மண்டபத்துல கீழே நாற்காலியில உக்காந்துக்குறேன், மேடைக்கு வரமாட்டேன்." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் திருப்பிப் போட்டிருக்கலாம். அபிராமி கதவோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண். அவள் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டிக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போகாவிட்டால் செண்பகத்தின் ஆட்கள் அத்தனை பேரும் சாப்பிடாமல் எழுந்து போவார்கள். போகட்டும். இலை மிச்சம். இல்லை, போகக் கூடாது. அபிராமி அந்த நகத்தைக் கடித்துக் கடித்து ஓரத்தில் ரத்தம் கட்டியிருந்தது, அதைப் பார்த்த பிறகுதான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வந்தால் தோற்றுப் போகக் கிளம்பின மாதிரி ஆகிவிடும்.

நுரை சில்லென்று கன்னத்தில் பரவியது. எலுமிச்சை வாசனை, அதற்கடியில் ஈரத் துண்டின் வாசனை. சௌந்தர் பிரஷ்ஷை வட்டமாகச் சுற்றிக்கொண்டே போனான், மோவாய், காதோரம், மூக்குக்கடியில். பக்னேஷியஸ். இந்தச் சொல் வந்து மூன்று வாரம் ஆகிறது. போகவே இல்லை, பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட பாக்குத் தூள் மாதிரி. சம்பந்தி ஞானவேல் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பேசும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதிரில் இருப்பவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போல ஒரு கருணையோடு பார்ப்பார். பத்திரிகை வாசகத்தைப் படித்துவிட்டு, "தாய்மாமன் பேரைக் காணலையே" என்றார். "பேர் இல்லைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம். உங்க பக்கத்துப் பேரெல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்று இவர் சொன்னார். அதில் என்ன தப்பு. உண்மையைத்தானே சொன்னார். ஞானவேல் சிரித்தார். மகனைப் பார்த்து, "சம்பந்தி கொஞ்சம் பக்னேஷியஸ்" என்றார், செல்லப் பேர் வைப்பது மாதிரி. அருணகிரியும் புரிந்தவராகத் தலையை ஆட்டினார். மாவட்ட நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சிகள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் மாற்றித் தருவதுதான் சோறு. அவருக்கு ஒரு ஆங்கிலச் சொல் தெரியாது என்று எப்படிச் சொல்வது. சண்டைக்காரன் என்பதாக இருக்கும் என்று குத்துமதிப்பாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பெரிய அகராதியைப் பிரித்தார்.

லத்தீனில் அந்தச் சொல்லுக்கு வேர் முஷ்டி. மடக்கிய கை. மடக்கிய கையிலிருந்து குத்துச்சண்டை, அதிலிருந்து சண்டை, அதிலிருந்து சண்டைக்கு எப்போதும் தயாராக இருப்பவன். அதே வேரிலிருந்துதான் இம்ப்யூன் என்ற சொல்லும் வருகிறது என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல்முறையீட்டில் எந்த உத்தரவை எதிர்த்து வருகிறார்களோ அதை இம்ப்யூன்ட் ஆர்டர் என்று ஆயிரம் தடவை எழுதியிருக்கிறார், அதற்குள் ஒரு முஷ்டி இருக்கிறது என்று தெரியாமலே. பக்கம் பக்கமாக முஷ்டியை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். பிறகு சும்மா இருக்க முடியாமல், தகராறுக்கு எழுதும் குவாரல் என்பதையும் தேடினார். அதில் கை இல்லை. அது புலம்பலிலிருந்து வந்திருக்கிறது. முறையிடுதல், குறை சொல்லி அழுதல். அழுகை எப்படிச் சண்டை ஆயிற்று என்று அகராதி சொல்லவில்லை, நடுவில் பிரெஞ்சுக்காரர்களைக் கை காட்டிவிட்டு நகர்ந்துவிட்டது. சாட்சிகள் வாய்த்தகராறு என்பார்கள். போலீஸ்காரர்கள் காலங்காலமாக அதை வேர்டி குவாரல் என்று எழுதி, இவரும் அப்படியே எழுதி வருகிறார். ஞானவேல் கேட்டால் அதற்கும் சிரிப்பார். சிரிக்கட்டும். வாய்த்தகராறு எவ்வளவு சுத்தமான சொல். கத்தி இல்லை, கம்பு இல்லை, வாய்தான். அதைப் போய்ச் சொல் நிறைந்த புலம்பல் என்று இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். யார் புலம்பினார்கள். நான் புலம்பவில்லை. முஷ்டி என்றால் முஷ்டி என்றே இருக்கட்டும், புலம்பல் வேண்டாம். துணிக்கு அடியில் வலது கை மடங்கி இருப்பதை அப்போதுதான் கவனித்தார். கட்டைவிரல் உள்ளே, மற்ற நான்கும் அதன்மேல். இப்படி மடக்கிக் குத்தினால் முதலில் உடைவது நம் கட்டைவிரல்தான் என்று ஒரு கொலை வழக்கில் டாக்டர் சாட்சி சொல்லியிருக்கிறார். அதையும் இவர்தான் மொழிபெயர்த்தார். ஐம்பத்தாறு வயதில் இதுவரை ஒருவனையும் அடித்ததில்லை. அடிக்காதவனுக்கு எப்படி அந்தப் பேர் வரும். மடக்குவதற்கே வந்துவிடுமா.

ஒரே ஒரு தடவை ஓங்கியிருக்கிறார். குலதெய்வக் கோயில் வாசலில், எல்லோரும் பார்க்க. அபிராமிக்குக் காதுகுத்து. மொட்டையடித்து, சந்தனம் பூசி, புதுப் பாவாடையில் வியர்த்துக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, "மாமன் எங்கே, மடி வேணுமே" என்றார். மாமன் இல்லை. சீர்த்தட்டுகளோடும் மேளத்தோடும் வேனில் வந்துகொண்டிருக்கிறானாம். ராகுகாலம் நெருங்கியது. ஆசாரிக்கு இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும். குழந்தை வீறிட்டது. அருணகிரி சொன்னார், "மடிதானே வேணும்." தன் தம்பி சுந்தரேசனை உட்காரச் சொல்லி, அவன் மடியில் குழந்தையை வைத்து, முடிந்தது. இரண்டாவது காதில் ரத்தம் துடைத்துக்கொண்டிருக்கும்போது மேளச் சத்தம் கேட்டது. தண்டபாணி பட்டு வேட்டியில், தலையில் தட்டோடு, முதல் ஆளாக வந்தான். கல்யாணம் ஆகாத பையன் அப்போது, அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத்தான் அந்த வேட்டி. பார்த்தான். தட்டை இறக்கிப் படியில் வைத்தான். அதற்குள் எவனோ அவன் காதில் மடிதானே வேணும் என்ற அந்த வார்த்தையைப் போட்டுவிட்டான். எவன் என்று இன்றுவரை தெரியவில்லை. "மடி வாடகைக்குக் கெடைச்சுச்சாக்கும்" என்றான் தண்டபாணி. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் கை ஓங்கியது. ஓங்கிய கை இறங்கவில்லை, அடிக்கவும் இல்லை, யாரோ பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது யார், சுந்தரேசனா, செண்பகமா. கை மேலேயே நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது, வெயிலில், தன்னுடையது இல்லாத மாதிரி. கேட் போட்டுவிட்டான், ரயில் போகட்டும் என்று நின்றோம் என்று வேன் டிரைவர் பிறகு சொன்னானாம். ரயில் தினமும் போகிறது. அரை மணி நேரம் முன்னால் கிளம்பியிருக்கலாம். கிளம்பியிருக்க வேண்டும். தன் மேல் தப்பு இருந்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டார். எல்லா இடத்திலும் ராகுகாலம்தான் இருந்தது. இவருடைய அம்மா செத்தபோது தண்டபாணி வந்தான். தெருவில், அமரர் ஊர்திக்குப் பக்கத்தில், காலையிலிருந்து நின்றான். உள்ளே வரவில்லை. இவர் ஏறிட்டுப் பார்த்தால் வந்திருப்பான். பார்த்தாரா, பார்க்கவில்லையா. பார்த்த மாதிரிதான் இருக்கிறது. அது கூட்டத்தைப் பார்த்தது, அவனை அல்ல.

"வாங்கண்ணே" என்றான் சௌந்தர், குரல் கொஞ்சம் மேலே போயிற்று. கண்ணாடியில் கதவு திறந்தது. தண்டபாணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நிமிர்ந்து, நின்றான். மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்காரன், விரல் நகங்களில் வார்னிஷ் கறை. முன்னந்தலையில் முடி போய்விட்டது. எப்போது போயிற்று. திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தார். போனால் நல்லது, வந்தேன், அவன்தான் போய்விட்டான் என்று செண்பகத்திடம் சொல்லிவிடலாம். அவன் போகவில்லை. பஞ்சு தெரியும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து, "கிழமை மாறிப் போச்சா சௌந்தரு, இல்ல நான்தான் மாத்தி வந்துட்டனா" என்றான். சௌந்தர் அவன் கழுத்திலும் ஒரு துணியைக் கட்டினான். இப்போது கண்ணாடியில் இரண்டு தலைகள். கூப்பிட வேண்டும். மாப்ள, வியாழக்கிழமை வந்துரு. அவ்வளவுதான். எத்தனை சாட்சிகளுடைய எத்தனை ஆயிரம் வாக்கியங்களை மாற்றியிருக்கிறோம், இது அவற்றில் எதைவிடவும் சின்னது. வாயைத் திறந்தார். நுரை உதட்டில் பட்டுக் கசந்தது. "சௌந்தரு," என்றார், "கிழமையாவது மாறலாம். நேரம் மாறினாத்தான் தப்பு. கடை சாத்தினப்புறம் வந்துட்டு ஏன் சாத்தினன்னு கேக்கக் கூடாது." இதையா சொல்ல வந்தார். யார் வாய் இது. சௌந்தர் கத்தியில் புது பிளேடை மாட்டினான். "சார், வாய ஆட்டாதீங்க, கத்தி வெக்கப் போறேன்."

"ரயில்வே கேட்ட நானா சாத்துனேன், அதைக் கேளு சௌந்தரு" என்றான் தண்டபாணி. ஜாடை. இந்த ஊரில் பேச்சு நின்று போனவர்கள் பேசும் வழி இதுதான், மூன்றாவது ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிராளியின் நெஞ்சில் போடுவது. இதற்குப் பேச்சு என்று கணக்கில்லை. வருடக்கணக்காக ஜாடை பேசியவர்கள்கூட நாங்கள் பேசுவதே இல்லை என்று கோயிலில் சூடம் அடித்துச் சொல்லலாம். "கேட்டு இருக்குன்னு தெரிஞ்சவன் முன்னாடி கெளம்பணும் சௌந்தரு" என்றார் அருணகிரி. "தட்டு பதினோரு தட்டு சௌந்தரு. பொம்பளைங்க, பிள்ளைங்க. ராக்கெட்டா விட முடியும்." "என்னைய எதுக்குண்ணே நடுவுல வெச்சுப் பூரி உருட்டுறீங்க" என்றான் சௌந்தர், "நான் அப்ப அஞ்சாங்கிளாசு." கத்தி காதோரத்திலிருந்து இறங்கியது, சரக் சரக்கென்று, வலது கன்னம் சுத்தமாகி வந்தது. தோல் குளிர்ந்தது. இப்போது சொல்லிவிடலாம், கத்தியைத் துடைக்கிற இந்த இடைவெளியில். முதலில் பேசுகிறவன்தான் தோற்றவன். அது எங்கே எழுதியிருக்கிறது. எங்கும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும், சௌந்தருக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குத் தெரியும். அருணகிரியே இறங்கிப் போய்ப் பேசிட்டாராம்ல என்பார்கள். கட்டைவிரல் உள்ளே நசுங்கி வலித்தது. அபிராமியின் நகம். இந்த மனிதனின் நகத்தில் வார்னிஷ், அவள் நகத்தில் ரத்தம், தன் நகம் தன் உள்ளங்கையில்.

தண்டபாணி விடவில்லை. "அக்கா வந்து கூப்பிட்டுச்சு சௌந்தரு. புள்ளையும் வந்து கூப்பிட்டுச்சு, எங்க வீட்டு மோரக் குடிச்சுட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்துச்சு. கூப்பிட வேண்டியவருக்குத்தான் வாய்க்குள்ளயே கோர்ட்டு நடக்குது. ஊர்ல இருக்கவன் வாயையெல்லாம் இங்கிலீசுல மாத்துறவருக்குச் சொந்த வாயி தமிழுக்குத் தொறக்க மாட்டேங்குது." நல்ல அடி. இதை எத்தனை நாள் பட்டறையில் உட்கார்ந்து யோசித்தானோ. பதில் வந்துகொண்டிருந்தது, மூன்று பதில்கள் முட்டிக்கொண்டு வந்தன, எதைப் போடலாம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சுகம் இருந்தது. இது சுகமா. இந்தச் சுகத்துக்குத்தான் அந்த லத்தீன் பேரா. அந்தக் கணம் பார்த்துத் தண்டபாணி குரலைத் தாழ்த்தினான், இதுவரை இருந்த கேலி அதில் இல்லை. "விடு சௌந்தரு. நான் இல்லாட்டி என்ன. அந்தப் பட்டத்த எவனாவது ஒரு சித்தப்பன் கட்டிட்டுப் போறான். நெத்திதானே வேணும்."

அருணகிரி எழுந்துவிட்டார். எழுந்தது தெரியாமலே எழுந்தார். ஒரு கன்னத்தில் நுரை, கழுத்தில் துணி, சௌந்தர் கத்தியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து கண்ணாடி அலமாரியில் இடித்துக்கொண்டான், ஒரு பவுடர் டப்பா விழுந்து உருண்டது. "எம்பொண்ணு நெத்தியில கண்டவன் வந்து கட்டுறதுக்கு, நீ என்ன செத்தாடா போயிட்ட மாப்ள" என்றார். கத்தியிருக்க வேண்டும். தெருவில் போன ஒருவர் நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போனார். குரல் கடைசியில் உடைந்து வேறு யாருடையதோ மாதிரி ஆனதை அவரே கேட்டார், சாவு வீட்டில் தெருவில் நிற்பவனைப் பார்த்து உள்ளேயிருந்து யாராவது கூப்பிடும் குரல் அது.

தண்டபாணி கண்ணாடியைப் பார்ப்பதை விட்டான். நாற்காலியை மெதுவாகச் சுழற்றி நேராக அவரைப் பார்த்தான். இருபது வருடத்துக்கு மேலாகக் கண்ணாடியிலும் கூட்டத்திலும் தெருமுனையிலும் பார்த்த முகம், இவ்வளவு கிட்டத்தில், கண்ணுக்குக் கீழே செண்பகத்துக்கு இருப்பது போலவே ஒரு மச்சத்தோடு. "என்னையவா கேட்டீங்க" என்றான்.

"பின்ன சௌந்தரையா கேக்குறேன்."

"சாகலை."

"அப்ப வந்து தொலை. வியாழக்கிழமை, காலையில பத்தரை மணிக்கு முகூர்த்தம். அன்னைக்கும் கேட்டு போட்டான், மாடு மறிச்சுச்சுன்னு வந்து நின்ன, வீடு தேடி வந்து ஒதைப்பேன்."

"நீங்க ஒதைச்சுக் கிழிச்சீங்க மச்சான்" என்றான் தண்டபாணி. "அன்னைக்குத் தூக்குன கையையே இன்னும் எறக்கக் காணோம்."

அருணகிரி குனிந்து பார்த்தார். துணியின் விளிம்புக்கு வெளியே கை மடங்கியபடியே வந்திருந்தது, அதன் மேல் இரண்டு சொட்டு நுரை. எப்படித் திறப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. திறக்கவும் இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மொதல்ல பேசுனது நீங்கதான்" என்றான் தண்டபாணி, மறுபடி கண்ணாடிக்குத் திரும்பிக்கொண்டு. "சௌந்தரு சாட்சி. எங்க வேணா வந்து சொல்லுவான்."

"நான் எதையும் பாக்கலண்ணே" என்றான் சௌந்தர், கீழே உட்கார்ந்து பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டே. "எனக்கு இன்னும் பாதிக் கன்னம் பாக்கி இருக்கு."

தண்டபாணி துணியின் ஓரத்தைத் தூக்கி மூக்கைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. தூசியாக இருக்கும். பவுடர் பறந்தது. பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, "பட்டம், மாமன் சேலை எல்லாம் போன மாசமே எடுத்தாச்சு. அரக்குல பச்ச பார்டரு. அதுக்கும் ஏதாவது சொல்லிக்கிட்டு வராதீங்க" என்றான்.

போன மாதம். போன மாதம் பத்திரிகையே அச்சுக்குப் போகவில்லை. ஞானவேல் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவே மாட்டார் அப்போது. யாரும் கூப்பிடாமல், கூப்பிடுவார்களா என்றும் தெரியாமல், இவன் கடைக்குள் போய் உட்கார்ந்து, சேலையைப் பிரித்துப் போடச் சொல்லி, பார்டரைத் தடவிப் பார்த்திருக்கிறான், இந்த வார்னிஷ் நகத்தோடு. நெஞ்சுக்குள் என்னவோ ஏறி வந்தது. அதற்கு என்ன பேர் என்று எந்த மொழியிலும் தேட அவருக்கு நேரம் இல்லை, வாய் முந்திக்கொண்டது.

"எம்பொண்ணுக்கு அரக்கு ஆகாது. யாரக் கேட்டு எடுத்த நீ" என்றார் அருணகிரி.

சௌந்தர் பெருமூச்சு விட்டான். காய்ந்து போயிருந்த கன்னத்துக்கு மறுபடி நுரை குழைக்கத் தொடங்கினான்.